மூன்று மூக்கு வால்வு

2016 ஆகஸ்டு 16, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, கோயமுத்தூர் வேதவல்லி மில் தொழிலாளர் லைனின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் இருந்தவர்களுடைய கோபம் ஒரே மூச்சில் காணாமல் போனபோது, அதற்குக் காரணமான குப்புராஜ் தன் பட்டறையில் ஒரு பழைய ஹெரால்டு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

வண்டி மில் முதலாளி குடும்பத்தினுடையது. 1966ஆம் வருட மாடல், வெளிர் நீலம், இரண்டே கதவு. மில்லைத் தொடங்கியவர் வாங்கியது. அவருடைய பேரன் கிரிதரன், லைனில் எல்லோருக்கும் சின்ன முதலாளி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக மில்லில் பாதிப் பேரைத் தினக்கூலியாக மாற்றினார், இரண்டாவது வேலையாக, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டுகிற டர்போவை ஹெரால்டுக்கு வைத்தார். தாத்தா வாங்கிய கார் தாத்தாவின் வேகத்தில் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டர்போவோடு வந்த பழைய ஸ்பிரிங் கட்டுப்பாடு அழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தத் தெரியாததாக இருந்தது. கல்லாறு தாண்டி மலை ஏறும்போது காற்றழுத்தம் எகிறி இரண்டு முறை கேஸ்கெட் வெடித்து, இரண்டு முறையும் சின்ன முதலாளி வாழைக்காய் லாரியில் ஏறி ஊர் திரும்பினார். அதற்குப் பிறகுதான் அந்தப் புது வால்வை வரவழைத்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு நிறம், மூன்று மூக்கு, கூடவே அதற்கு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன மின் பெட்டி.

மூன்று மூக்கில் ஒன்று டர்போவிலிருந்து அழுத்தத்தை வாங்கும். இன்னொன்று அதை, மிஞ்சின புகையை வெளியே விடும் கதவுக்குக் கொண்டுபோகும். மூன்றாவது, தேவைக்கு மேல் இருப்பதை மூச்சு விடுவதுபோல வெளியே விட்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய எஞ்சினில் இந்தக் காலத்து வால்வுக்கு என்று ஓர் இடம் கிடையாதாகையால், குப்புராஜ் ஒரு தகட்டை வளைத்து ஹாரனுக்குப் பக்கத்தில் அதை முடுக்கினான். பிறகு ரப்பர் ஹோஸ்களை எடுத்தான். அவன் பட்டறையில் ஹோஸை வெட்டுகிற வழக்கம் இல்லை. வெட்டினால் அடுத்த வண்டிக்கு ஆகாது என்று, எந்த ஹோஸ் எந்த மூக்குக்கு எட்டுகிறதோ அதை அங்கே சொருகுவார்கள். அன்றைக்கும் அப்படியே சொருகினான். முதல் மூக்கும் மூன்றாவது மூக்கும் இடம் மாறின. வெளியே விட வேண்டிய மூக்கு உள்ளே இழுக்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லைனில் தண்ணீர் விடும் நேரம். இழுப்பதற்கு அக்கம்பக்கத்தில் கோபம்தான் அதிகமாக இருந்தது.

குழாயடியில் மரகதத்தின் கொண்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ராஜாமணி, பட்டறைப் பக்கமிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, "நீயே மொதல்ல புடிச்சுக்க கண்ணு, எனக்கென்ன அவசரம்" என்றாள். "அட, நீங்க புடிங்க்கா" என்றாள் மரகதம். அவள் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள், அவளுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள், கடைசியில் யாரும் குடத்தை வைக்காமல் தண்ணீர் பாதி நேரம் சாக்கடையில் போனது. யூனியன் ஆபீசில் தலைவர் நிர்வாகத்துக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த நோட்டீசில் ஒரு வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, எதற்காக எழுத ஆரம்பித்தோம் என்று யோசித்து, டீ குடிக்கப் போனார். டீக்கடையில் தேர்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு கட்சிக்காரர்கள், நீங்கள் சொல்வதும் சரிதான் என்று ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டு, பேச வேறு ஒன்றும் இல்லாமல் எழுந்து போனார்கள்.

லைன் அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. பழகிக்கொள்ள அதைவிடக் குறைவாக ஆயிற்று. வண்டி தெருவில் வந்தால் கோபம் போகும், வராவிட்டால் இருக்கும். மழை வந்தால் துணியை எடுப்பதுபோல ஜனங்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். குடித்துவிட்டு வருகிற புருஷன்களுக்காகப் பெண்கள் டிரைவரிடம் சொல்லி வைத்தார்கள், "சாயங்காலம் நம்ம வூட்டு முன்னால ஒரு நிமிசம் நிறுத்திட்டுப் போங்கோ." பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் பத்திரம் எழுதும் தேதியை வண்டி ஓடும் தேதியாகப் பார்த்து வைத்தார்கள். பானெட்டுக்கு ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள், இன்னொருத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள், மூன்றாமவள் வால்வுக்கு ஆத்தா என்று பெயர் வைத்தாள். பத்திரிகை விற்பது குறைந்தது. நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்தன. கடைசி வீட்டிலிருந்து அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போயிருந்த பெண், திரும்பி வராமல் இருக்கக் காரணம் ஒன்றும் தோன்றாமல் திரும்பி வந்தாள். அவள் புருஷன் கோபமில்லாமலே அவளை அடித்தான், பழக்கத்தில்.

இவ்வளவையும் குடித்த வண்டி அருமையாக ஓடியது. சின்ன முதலாளி அதிகம் படித்தவர், சீக்கிரமே கவனித்தார். ஊருக்கு வெளியே பைபாஸில் சுமாராக இழுக்கிற வண்டி, ஷிப்ட் விடும் நேரத்தில் மில் ரோட்டில் சீறிக்கொண்டு போகிறது. வேலையை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாக ஆக்கி நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு ஹெரால்டு குன்னூர் வரை இரண்டாவது கியருக்கு இறங்காமல் ஏறியது. அதற்குப் பிறகு அவர் எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் வண்டியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, லைனை இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றினார். ஜனங்கள் நோட்டீசைப் படித்துவிட்டு, "செரி, அவிங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார்கள்.

குப்புராஜ் ஒருநாள் ஹோஸ் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னான்.

"மாத்திக் குடுத்தா என்ன ஆகும்?" என்றார் கிரிதரன்.

"முறையா இருக்கும்ங்க."

"இப்ப நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்பறம் எதுக்குக் கை வெக்கறே?"

மில்லுக்குச் சொந்தமான இடத்தில், மில் மனசு வைத்ததால் பட்டறை வைத்திருந்தவன் குப்புராஜ். கையைத் துடைத்துக்கொண்டான்.

லைனில் ஒரே ஒருத்திக்குத்தான் தன் கோபம் தேவைப்பட்டது. அவள் மயிலாத்தாள். அவள் மகள் சுகந்தி, பதினெட்டு வயது, அந்த வருடம் ஜூன் மாதத்தில் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் தாவணி சிக்கிச் செத்துப்போனாள். மெஷின் நிற்காமல் ஓட வேண்டும் என்று அதன் இரும்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சுகந்தி செத்த பிறகு அவசரமாக மாட்டினார்கள். தாவணி போட்டுக்கொண்டு உள்ளே போனது அவள் தப்பு என்று மில் சொன்னது. நிர்வாகம் கொடுக்க முன்வந்த எதையும் மயிலாத்தாள் தொடவில்லை. கோர்ட்டில் கேஸ் போட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எல்லோர் முன்னாலும் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். "மூடியக் கழட்டச் சொன்னது யாரு?" அடுப்பு முன்னால் நின்று அவள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். வக்கீலுக்கு முன்னால் சொன்னபோது வக்கீல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வண்டி வர ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி அவள் வாயில் பஸ் நிறுத்தத்தின் பெயர்போல வந்தது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு துணியால் கதவிடுக்கை அடைத்துப் பார்த்தாள். பிறகு பட்டறைக்குப் போனாள். வண்டி அங்கே எஞ்சின் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"குப்பு, இந்த வண்டியில என்னத்தக் கொண்டுபோயிக் கட்டி வெச்சிருக்கறே?"

"வால்வுங்க்கா."

"அதக் கழட்டிப் போடு."

"நல்லாத்தானுங்க்கா ஓடுது."

"உனக்கு வண்டி ஓடுது. எனக்குப் புள்ள மொகம் நெனவுக்கு வருது, கோவம் வர மாட்டீங்குது. கோவமில்லாம கோர்ட்டுல நின்னு நா என்னத்தப் பேசறது?"

"எழுதி வெச்சுப் படிச்சுருங்க்கா."

"எழுதி வெச்சுப் படிக்கறதுக்கு அது என்ன கல்யாணப் பத்திரிகையாடா?"

குப்புராஜ் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். இரண்டு ஹோஸை மாற்றிச் சொருக ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது. "இது அவிங்க எடமுங்க்கா," என்றான். "நாளைக்குக் காலி பண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னா நா எங்க போவேன்? எனக்குப் புள்ளையா குட்டியா, இந்தப் பட்டறைதான்."

அவனை ஏதோ திட்ட வேண்டும் என்று மயிலாத்தாளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள். வண்டி 'ஸ்ஸ்' என்றது. "அதும் செரிதான் தம்பி," என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டானா என்று விசாரித்துவிட்டு, திரும்பிப் போனாள்.

2017 ஜூலையில் கேஸ் விசாரணைக்கு வந்தது. மயிலாத்தாள் அதற்கு ஒரு மாதம் முன்பே அன்னூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டியின் மூச்சு அவ்வளவு தூரம் எட்டாது. அங்கே அவளுக்குக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. முதலில் இரவுச் சாப்பாடு இறங்காமல் போனது, பிறகு தூக்கம் போனது, பிறகு தங்கை வீட்டில் மிக்சி ஓடினால் எழுந்து வாசலுக்கு ஓடினாள், கடைசி வாரத்தில் அந்தக் கேள்வியை அவள் முணுமுணுத்தபோது தங்கையின் புருஷன் மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும் என்று வெளியே போய்விட்டார். கோர்ட் நாளன்று விளிம்பு வரை நிறைந்த குடத்தைத் தூக்கி வருகிறவளைப் போல பஸ்ஸில் வந்தாள். சிந்திவிடக் கூடாது என்று கண்டக்டர் மீதிச் சில்லறை தராததைக்கூடக் கேட்கவில்லை.

கோர்ட் வாசலில் வெளிர் நீல ஹெரால்டு நின்றது. சின்ன முதலாளி உள்ளே போயிருந்தார். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மாஜிஸ்டிரேட் ஓர் அம்மாள். "சொல்லுங்கம்மா, உங்க புகார் என்ன?" என்று கேட்டார்.

மயிலாத்தாளுக்குக் கேள்வி தெரிந்தது. எப்போதோ குடியிருந்த வீட்டின் கதவு எண் தெரிவதுபோலத் தெரிந்தது. அதைப் போய்த் தட்டத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

"ஆனது ஆயிப்போச்சுங்க," என்றாள்.

"யாராச்சும் மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. எல்லாரும் நல்லவீங்கதானுங்க."

வக்கீலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரே பேனாவை எடுத்துக் கொடுத்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிய இடத்தில் மயிலாத்தாள் நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். வராந்தாவில் சின்ன முதலாளி அவளைப் பார்த்துக் கும்பிட்டார், அவளும் கும்பிட்டு, "உங்க வூட்டுப் பெரியம்மாவுக்கு முட்டி வலி தேவலீங்களா?" என்று கேட்டாள். அன்று ஒரே நாளில் அந்தக் கோர்ட்டில் வழக்கத்தைவிட மும்மடங்கு வழக்குகள் சமரசமாக முடிந்ததைப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பதிப்புகள் பெட்டிச் செய்தியாகப் போட்டன.

அந்த வருடம் ஆயுத பூஜை செப்டம்பர் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. கோயமுத்தூரில் அன்றைக்கு ஸ்பேனர்கூட சாமிதான். குப்புராஜ் பட்டறையைக் கழுவிவிட்டு, ஜாக்கிக்கும் வெல்டிங் செட்டுக்கும் கம்ப்ரெஸருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். ஹெரால்டு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றது, லைன் மொத்தமும் கூடியது, சின்ன முதலாளி ஸ்டியரிங்குக்குப் பின்னால் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பானெட்டைத் திறந்து பாட்டரிக்குப் பொட்டு, கார்புரேட்டருக்குப் பொட்டு என்று குப்புராஜ் வைத்துக்கொண்டே வந்தான்.

"ஆத்தாளுக்கு நல்லாப் பூசு குப்பு," என்றாள் ராஜாமணி. "கஞ்சத்தனம் பண்ணாத. நம்ம லைனையே காப்பாத்தறவ."

அவன் ஒரு கை சந்தனத்தை அள்ளி வால்வின் மேல் அப்பினான். மூக்குகள் மூன்றும் மூடிப்போகும்படி அப்பினான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சின்ன முதலாளி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், பழங்கள் நசுங்கின, போவதற்கு வழியில்லாத அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு ஹோஸ் 'பட்'டென்று மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேலாக வண்டி இழுத்து வைத்திருந்ததெல்லாம் சந்தன வாசனையோடு ஒரே மூச்சில் வெளியே வந்தது.

கோபம் தபால் இல்லை. விலாசம் பார்த்து வந்து சேரவில்லை. யார் எங்கே நின்றார்களோ அவரவர் மேல் எது விழுந்ததோ அது அவரவருடையதாயிற்று. கடைசி வீட்டுப் பெண்ணுடைய அடி வயிற்றுக் கோபம் டீக்கடைக்காரருக்குப் போய், அவர் தன் கடைக் கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகைக் காட்டினார், முதுகில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலையின் கோபம் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மேல் இறங்கியது. யூனியன் தலைவருக்கு யாரோ ஒரு குழந்தையின் கோபம் கிடைத்தது. பென்சிலைத் திருப்பிக் கொடு என்று தரையில் உட்கார்ந்து காலை உதைத்தார். வண்டிக்குள் இருந்த சின்ன முதலாளியிடமிருந்து இத்தனை நாளும் எதுவும் போனதில்லை, அன்றைக்கு எதுவும் வரவும் இல்லை. பட்டு வேட்டியில் சந்தனம் தெறித்ததற்காக மட்டும் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்.

வால்வுக்கு ஆகப் பக்கத்தில் நின்றது குப்புராஜ். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கல்யாணம் ஆகாத, பிள்ளை பெறாத அந்த மனிதனுக்கு ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவும், அதற்குத் தலை பின்னிவிட்ட காலைகளும், ஐஸ் பெட்டியில் வைத்து, திறக்கக் கூடாது என்று கட்டிக் கொடுத்த துணி மூட்டையும் ஒன்றாக வந்து நின்றன. அவன் வாயிலிருந்து கேள்வி வந்தது. "மூடியக் கழட்டச் சொன்னது யாரு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் மயிலாத்தாளைத் தேடிக் குழாயடிக்குப் போனான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, லைனே அதிரக் கத்திக்கொண்டிருந்தாள்: "என்ற கொடத்த நகத்துனது யாரு? சொல்லுங்கடி, நகத்துனது யாரு?" அது ராஜாமணியுடைய கோபம். ராஜாமணி ஓர் ஓரமாக, எதையோ தொலைத்தவளைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இது உங்களுதுங்க்கா," என்றான் குப்புராஜ், நெஞ்சைத் தொட்டு. "என்னால முடியல. தூங்க முடியல. வாங்கிக்குங்க்கா."

"என்னத்த வாங்கறது?"

"நம்ம சுகந்தி."

மயிலாத்தாள் அவனைப் பார்த்தாள். பெயர் அவளுக்குத் தெரிந்தது, முகத்தில் ஏதோ அசைந்தது, கண்கூட லேசாக நிறைந்தது. அதற்குள் வரிசை நகர்ந்தது. "தண்ணி வந்துருச்சு, தள்ளி நில்லு தம்பி," என்றாள். "பின்னால பேசலாம்."

ஹோஸ்களை மறுபடி தலைகீழாகச் சொருகி எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, யாருடையதை யாரிடம் நிறுத்தி விடுவது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று குப்புராஜ் முதலாளி பங்களாவுக்கு ஓடினான். ஹெரால்டு இல்லை. சந்தனம் பட்ட பெயின்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சின்ன முதலாளி அதைப் புனாவில் பழைய கார் சேர்க்கிற ஒருவருக்குத் தள்ளிவிட்டிருந்தார். வண்டியை லாரியில் ஏற்றி விட்டவர்கள் வால்வைக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தார்கள். குப்புராஜ் குப்பை மேட்டில் அதைத் தேடி எடுத்தான். மூன்று மூக்கும் காய்ந்த சந்தனத்தால் அடைத்திருந்தன. ஊசியால் குத்தி எடுத்தான், வாயை வைத்து ஊதினான். காற்று போனது, வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவன் மில் கேட்டில் நின்று அந்தக் கேள்வியைக் கத்தினான். வாட்ச்மேன் முதலில் பயந்தார், பிறகு பழகிக்கொண்டார். லைனும் பழகிக்கொண்டது, அவரவருக்கு வந்து சேர்ந்த அடுத்தவர் கோபத்தையே தங்களுடையதாக வைத்துக்கொண்டு ஜனங்கள் சண்டை போட்டார்கள், சேர்ந்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். "பாவம், பட்டறக்காரனுக்குப் பித்துப் புடிச்சிருச்சு," என்றாள் மரகதம். "பொண்ணே பொறக்காதவனுக்குப் பொண்ணு செத்த கோவம்." பொங்கலுக்கு முன்னால் மில் அவனுடைய பட்டறையைக் காலி செய்து பூட்டியது. கைக்கு வந்த ஸ்பேனர்களை விற்று, மயிலாத்தாளின் பழைய வக்கீலையே பிடித்து, கேஸைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவன் மனுப் போட்டான். இறந்தவருக்கு என்ன உறவு என்று வக்கீல் கேட்டபோது, அப்பன் என்றான். அப்படி எழுத முடியாது என்றார் வக்கீல். அம்மா என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.

2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, இறந்த சுகந்திக்கும் மனுதாரருக்கும் எந்த உறவும் இல்லை என்று குறிப்பிட்டு, நீதிமன்றம் குப்புராஜின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த மயிலாத்தாள் வரவில்லை. அன்றைக்கு லைனில் தண்ணீர் விடும் நாள்.